மலையேறும் வண்டியின் மூச்சு

கடந்த வாரம் கனடாவிலிருந்து எனது மருமகன் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்து முடித்ததும் நேரடியாக விடயத்துக்கு வந்தார்.

"மாமா, வாற கிழமை ட்ரெயிலரைக் கட்டிக்கொண்டு திரும்பவும் கம்லூப்ஸ் பக்கம் போறம். பிள்ளையள் பெரிசாகிட்டினம், ஆனால் அந்த ஏரிக்கரைக்குத்தான் போகவேணுமெண்டு நிக்கினம். அந்த லொறிக்காரர் உங்களுக்குச் சொன்னதை ஒருக்கா ஒழுங்காச் சொல்லுங்கோ. இந்த முறை எழுதி வண்டிக்குள்ள ஒட்டப்போறன்" என்றார்.

சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். தொலைபேசியை வைத்த பின்னர்தான் ஓர் எண்ணம் எழுந்தது. பத்திரிகைத் துறையில் இருந்த காலம் முழுவதும் எத்தனையோ மனிதர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். அமைச்சர்களைப் பற்றியும், அவர்கள் ஆற்றிய, ஆற்றாத பணிகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால், அந்த லொறிச் சாரதியைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அதற்குக் காரணம் மறதி அல்ல; வெட்கம். இன்று அதை எழுதிவிடலாம் என்று அமர்ந்திருக்கிறேன்.

1974ஆம் ஆண்டு. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் நான் இளம் நிருபராகச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து எல்லாப் பொருட்களின் விலையும் ஏறியிருந்தது. அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. அதன் கொடுமையை அதிகம் அனுபவித்தவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். பட்டினியால் மக்கள் லயங்களை விட்டு நகரங்களின் தெருக்களுக்கு வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நேரில் சென்று பார்த்து எழுதுமாறு ஆசிரியர் என்னை அனுப்பினார்.

கம்பளை, புசல்லாவைப் பகுதிகளில் இரண்டு நாட்கள் தோட்டம் தோட்டமாக நடந்தேன். நான் கண்டவற்றை அன்று மாலைக்குள் நுவரெலியாத் தபால் கந்தோரிலிருந்து 'ட்ரங்க் கோல்' எடுத்துக் கொழும்புக்குச் சொல்லவேண்டும். சொன்னால் மறுநாள் பத்திரிகையில் வரும். தவறினால் இன்னொரு நாள் போய்விடும். புசல்லாவையில் பஸ் வண்டியைத் தவறவிட்டு வீதியோரத்தில் நின்றபோதுதான் அந்த லொறி வந்தது.

அக்காலத்தில் மலைநாட்டுப் பாதைகளில் பெட்போர்ட் லொறிகளையே அதிகமாகக் காணலாம். நான் கைகாட்டி நிறுத்தியதும் அவ்வகை லொறிதான். கொழும்புக்கு மரக்கறி ஏற்றிச்சென்று வெறுமையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால், வெறுமையாகத் திரும்பியது என்பது முற்றிலும் சரியல்ல. அதன் பின்னால் இரும்புத் தண்டு ஒன்றினால் இன்னொரு லொறி பிணைக்கப்பட்டிருந்தது. அதே முதலாளியின் லொறி. வழியில் அச்சு முறிந்து நின்றதை நுவரெலியாவிலுள்ள கராஜுக்கு இழுத்துச் செல்கிறார்கள். அதன் ஸ்டியரிங்கை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார். முன் லொறியில் சாரதியும் பதினைந்து வயது மதிக்கத்தக்க கிளீனர் பையனும் இருந்தனர்.

சாரதிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். "ஏறுங்க தம்பி. ஆனா ஒண்ணு, மெதுவாத்தான் போவேன். அவசரம்னா வேற வண்டி பாத்துக்குங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வேறு வண்டி இல்லை. ஏறிக்கொண்டேன்.

புசல்லாவையிலிருந்து இறம்பொடை, லபுக்கலை வழியாக நுவரெலியா செல்லும் பாதையில் பயணம் செய்தவர்களுக்கு அந்த ஏற்றம் எத்தகையது என்பது தெரியும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இன்று இறம்பொடையில் சுரங்கப் பாதை ஒன்று உண்டு. அன்று அதுவும் இல்லை. வளைவுக்கு மேல் வளைவு.

சாரதி முதலாம், இரண்டாம் கியர்களை விட்டு மேலே செல்லவில்லை. மலையிலிருந்து வழியும் நீரை மூங்கில் வைத்து வீதியோரத்தில் விழச் செய்திருப்பார்கள். பீலி என்பார்கள். அத்தகைய பீலிகளில் பொருத்தமான ஒன்றைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டுவார். எஞ்சினை உடனே நிறுத்தமாட்டார். சிறிது நேரம் ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டு, மூக்கால் மணம் பிடித்து, அதன் பின்னரே நிறுத்துவார். பையன் சக்கரத்துக்குக் கட்டை வைப்பான். பத்து, பதினைந்து நிமிடங்கள் கழித்து மீண்டும் புறப்படுவோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏன் அண்ணை இவ்வளவு மெதுவாய்ப் போறியள்?" என்று கேட்டேன்.

"நம்ம வண்டி மட்டும்னா இந்த மலை ஒண்ணும் பெரிசில்ல தம்பி. இப்ப ரெண்டு வண்டிப் பாரத்த ஒரே எஞ்சின் தூக்குது. அவ்வளவு சூடும் எங்கயாவது வெளிய போவணும்ல? ஓட்டத்துல வர்ற காத்து இந்த வேகத்துக்கு வராது. அதனாலதான் கீழ் கியர்ல போட்டு எஞ்சினைச் சுத்த விடுறேன். எஞ்சின் சுத்துனாத்தான் காத்தாடி சுத்தும், தண்ணியும் ஓடும். மேல் கியர்ல போட்டு மிதிச்சா வண்டி முக்கும். முக்குனா சூடு உள்ளுக்கே தங்கிப்போயிரும்" என்றார்.

பிறகு ஊசிமானியைக் காட்டி, "இத நம்பாதீங்க. வண்டி மூச்சு வாங்குறது காதுக்குத்தான் முதல்ல கேக்கும். ஊசிக்கு அப்புறந்தான் தெரியும்" என்றும் சொன்னார்.

அன்று உதிரிப்பாகங்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஒரு ஹெட் கஸ்கட் எரிந்தால் புதியது கிடைக்க மாதக்கணக்காகும். அதுவரை லொறி கராஜில் கிடக்கும், சாரதி வீட்டில் கிடப்பார். அந்த மனிதரின் நிதானத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் சோறு இருந்தது. பட்டினியைப் பற்றி எழுதச் சென்ற எனக்கு, பக்கத்தில் அமர்ந்திருந்தவரின் சோற்றைப் பற்றி எண்ணத் தோன்றவில்லை.

"கொஞ்சம் வேகமாய்ப் போகேலாதா அண்ணை? தபால் கந்தோர் பூட்டிப்போடுவாங்கள். தோட்டச் சனத்தின்ர செய்தி இது" என்று வற்புறுத்தினேன். தோட்டச் சனம் என்ற சொல் அவரை அசைத்தது. மூன்றாம் கியருக்கு மாற்றி மிதித்தார். எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. சில வளைவுகள் அவ்வாறே சென்றோம். இறம்பொடை நீர்வீழ்ச்சி கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய ஓரிடத்தில் முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்தது.

ஓரங்கட்டினார். ஒரு தேநீர்க் கடை இருந்தது. "இனி முக்கா மணித்தியாலம் எதையும் தொடக்கூடாது" என்றார். நான் பத்து நிமிடம் பொறுத்தேன். "இப்ப தண்ணி விடலாமே அண்ணை?" என்றேன். "இல்ல தம்பி" என்றார். இன்னும் ஐந்து நிமிடத்தில் மீண்டும் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. சாக்கு ஒன்றை எடுத்து மடித்து றேடியேற்றர் மூடியின் மேல் வைத்துத் திருகினார்.

அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் நூறு பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்து அழுத்தம் விலகிய அந்தக் கணத்திலேயே அது ஆவியாகப் பாயும். இவ்வுண்மையைப் பள்ளிக்கூடத்தில் நான் படித்து மனனம் செய்திருந்தேன். அவரோ பழக்கத்தால் அறிந்திருந்தார். அறிந்திருந்தும் என் அவசரத்துக்காகத் திறந்தார். சாக்கைக் கிழித்துக்கொண்டு வந்ததுபோல நீரும் ஆவியும் பாய்ந்தன. வலக்கை முழங்கை வரை வெந்துபோனது. நெஞ்சிலும் பட்டது.

அவர் அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பீலிக்கு ஓடிக் கையை நீரின் கீழ் பிடித்தார். பயந்துபோன பையன் வாளியில் குளிர்ந்த நீரை அள்ளிக்கொண்டு எஞ்சினை நோக்கி ஓடினான். அப்போது அவர் பீலியடியிலிருந்தே கத்தினார்: "டேய், சூட்டு எஞ்சின்ல பச்சத் தண்ணி ஊத்திறாத! வெடிச்சிரும்!"

தன் கை வெந்துகொண்டிருக்கும்போது அந்த மனிதர் வண்டியைக் காத்தார். அக்குரலை இன்றும் கேட்கிறேன்.

அதன்பின் நடந்ததுதான் நான் எழுத வெட்கப்பட்டது. சிறிது நேரத்தில் தோட்டமொன்றின் ஜீப் மேலே செல்ல வந்தது. ஓர் இருக்கை மட்டும் இருந்தது. அதில் அவரை ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கவேண்டும். அவரோ, "இந்தப் பையன நம்பி ரெண்டு வண்டியயும் விட்டுட்டுப் போக முடியாது. நீங்க போங்க தம்பி. உங்க வேல இருக்கு" என்றார். நான் ஒருமுறை மறுத்தேன். இரண்டாம் முறை அவர் சொன்னபோது ஏறிக்கொண்டேன்.

தபால் கந்தோர் திறந்திருந்தது. செய்தி போய்ச் சேர்ந்தது. மறுநாள் பத்திரிகையில் வந்தது. ஆசிரியர் பாராட்டினார். இரண்டு நாட்களின் பின் பஸ்ஸில் திரும்பும்போது அத்தேநீர்க் கடையில் இறங்கி விசாரித்தேன். அன்று இருட்டிய பின்னர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, பையனைக் கியர் போடவைத்து, இரண்டு லொறிகளையும் அவர் மேலே கொண்டுபோய்ச் சேர்த்தாராம். எஞ்சினுக்கு எந்தக் குறையும் இல்லையாம். அவரை நான் பின்னர் சந்திக்கவேயில்லை.

நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம். மகளின் குடும்பத்துடன் சில மாதங்கள் தங்குவதற்காகக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குச் சென்றிருந்தேன். வன்கூவருக்கு அண்மையிலுள்ள சரே நகரில் அவர்களது வீடு. மருமகன் அவ்வாண்டு பழைய பிக்-அப் வண்டி ஒன்றையும், நான்கு பேர் படுத்துறங்கக்கூடிய ட்ரெயிலர் ஒன்றையும் வாங்கியிருந்தார். கம்லூப்ஸ் பக்கத்து ஏரிக்கரை ஒன்றில் ஐந்து நாட்கள் தங்குவதாக ஏற்பாடு. மகளும் இரு பேரப்பிள்ளைகளும் பின்னிருக்கையில். நான் மருமகனுக்குப் பக்கத்தில்.

ஹோப் என்ற சிற்றூரைத் தாண்டியதும் கொக்கிஹாலா நெடுஞ்சாலை தொடங்குகிறது. 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கடல் மட்டத்துக்குச் சற்றே மேலிருக்கும் ஹோப்பிலிருந்து சுமார் 50 கிலோமீற்றருக்குள் 1,244 மீற்றர் உயரத்திலுள்ள கணவாயை அடைய வேண்டும். ஒருகாலத்தில் அப்பள்ளத்தாக்கு வழியே ஓடிய ரயில் பாதையின் நிலையங்களுக்கு ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களின் பெயர்களை வைத்திருந்தார்கள். ஒதெல்லோ, லியர், ஜெசிக்கா, போர்ஷியா, இயாகோ. அப்பெயர்ப் பலகைகளை நெடுஞ்சாலையோரத்தில் இன்றும் காணலாம். அவற்றை வாசித்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

அச்சாலையில் மணிக்கு 120 கிலோமீற்றர் வரை செல்லலாம். மருமகன் 110இல் சென்றுகொண்டிருந்தார். வெளியே கடும் வெயில். உள்ளே குளிரூட்டி முழு வேகத்தில். முகாமிடத்தில் மாலைக்குள் பதிவுசெய்யவேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

போர்ஷியாவைக் கடந்து ஏற்றம் கடுமையானபோது வண்டியின் ஒலி மாறியது. கியர் தானாகவே கீழே இறங்கியது, உடனே மேலே ஏறியது, மீண்டும் இறங்கியது. எஞ்சின் வேகமாகச் சுழன்றது. வண்டி அந்த அளவுக்கு இழுக்கவில்லை. மூச்சு வாங்குகிறது என்று எனக்குப் பட்டது. விருந்தாளியாக வந்தவன், வாகனமே ஓட்டத் தெரியாதவன், நான் என்ன சொல்வது என்று சிறிது நேரம் பேசாதிருந்தேன். பிறகு கருகிய வாடை ஒன்று வந்தது.

"தம்பி, வண்டி சூடாகுது போல. கொஞ்சம் நிப்பாட்டுவமா?" என்றேன்.

"இல்லை மாமா. இஞ்ச பாருங்கோ, ஊசி நடுவிலதான் நிக்குது. பயப்படாதேங்கோ. இன்னும் கொஞ்ச ஏற்றம்தான்" என்றார்.

ஊசி உண்மையிலேயே நடுவில்தான் நின்றது. இத நம்பாதீங்க என்ற குரல் என் காதில் விழுந்தது. "கியர்ப்பெட்டிக்கு ஊசி இருக்கோ?" என்று கேட்டேன். அவர் ஸ்டியரிங்கிலுள்ள பொத்தான்களை அழுத்தித் திரையில் தேடினார். இலக்கம் தோன்றியது. ட்ரான்ஸ்மிசன் ஒயிலின் வெப்பம் 123 பாகை செல்சியஸ். அவர் முகம் மாறியது. அதே நேரத்தில் எச்சரிக்கை மணியும் ஒலித்தது.

லொறிகள் ஒதுங்குவதற்கான அகன்ற இடமொன்றில் நிறுத்தினோம். எஞ்சினை உடனே நிறுத்தவேண்டாம் என்று நான் சொன்னேன். கியரை நிறுத்தத்தில் போட்டு, குளிரூட்டியை அணைத்து, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டோம். முன்னால் விசிறி பெரும் இரைச்சலுடன் சுழன்றது. சில நிமிடங்களின் பின் நிறுத்தினோம். அவர் இறங்கிப் பொனற்றைத் திறந்தார். கூலன்ட் தாங்கியில் நீர் கொதித்துக் குமிழியிட்டது. பின்னால் பிள்ளைகள் பசிக்கிறது என்று அழத்தொடங்கினர். மகள் தண்ணீர்ப் போத்தலுடன் இறங்கி வந்தாள். மருமகன் பழைய துணி ஒன்றை எடுத்து மூடியின் மேல் வைத்தார்.

நான் பாய்ந்து அவரது மணிக்கட்டைப் பிடித்தேன். எழுபது வயதை அண்மித்த எனக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. "தொடாதே!" என்று கத்திவிட்டேன். மருமகனை அதுவரை நான் ஒருமையில் அழைத்ததில்லை. அவர் திகைத்துப்போனார். பிள்ளைகள் அழுகையை நிறுத்திவிட்டார்கள்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் இறம்பொடைக் கதையை அவருக்குச் சொன்னேன். ஜீப்பில் நான் ஏறிக்கொண்டதையும் மறைக்கவில்லை. மகளும் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

தாங்கி ஆறிய பின்னர் நீர் விட்டோம். அதன்பின் அந்தச் சாரதியின் முறைப்படியே ஏறினோம். வலது ஓரப் பாதையில், எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, கியரைக் கீழே பூட்டி, மணிக்கு 60 கிலோமீற்றரில் சென்றோம். யன்னல்களைத் திறந்து, குளிர்காலத்துக்கான சூடாக்கியை முழுமையாகத் திறந்துவிட்டோம். அதுவும் ஒரு சிறிய றேடியேற்றர்தான். எஞ்சின் சூட்டில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துவிடும். ஜூலை வெயிலில் சூடாக்கியுடன் சென்றதைப் பேரப்பிள்ளைகள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒயிலின் வெப்பம் நூறுக்குக் கீழே இறங்கியது. முகாமிடத்தை இருட்டிய பின்னரே அடைந்தோம். எங்கள் இடம் எங்களுக்காகக் காத்திருந்தது.

கம்லூப்ஸில் ஒரு கராஜில் வண்டியைக் காட்டினோம். அங்கிருந்த மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். பின்னர் வாசித்தும் சில விடயங்களை அறிந்தேன். ட்ரெயிலர் இழுக்கும் தமிழர்கள் இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

எரிபொருளில் உள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. இன்னொரு பங்கு புகையுடன் போகிறது. எஞ்சியது றேடியேற்றர் வழியாக வெளியேற வேண்டிய சூடு. பின்னால் ஒரு ட்ரெயிலரைக் கட்டி மலையேறும்போது எரிபொருள் பன்மடங்கு எரிகிறது. சூடும் அதே அளவில் பெருகுகிறது. மருமகனின் வண்டி சுமார் இரண்டரைத் தொன். ட்ரெயிலர் சாமான்களுடன் சுமார் மூன்று தொன். தன்னைவிடப் பாரமான ஒன்றை 1,200 மீற்றர் உயரத்துக்கு அது தூக்கவேண்டியிருந்தது.

எஞ்சினைவிட ஆபத்தான இடம் தன்னியக்கக் கியர்ப்பெட்டி. அதில் எஞ்சினையும் கியரையும் இணைப்பது ஒயில் நிறைந்த 'டோர்க் கன்வேர்ட்டர்' என்ற உறுப்பு. மேல் கியரில் வைத்து இழுக்கும்போது அது வழுக்கும். வழுக்கும் சக்தி முழுவதும் ஒயிலில் சூடாக மாறும். கீழ் கியரில் சென்றால் உள்ளேயிருக்கும் பூட்டு விழுந்து வழுக்கல் நின்றுவிடும். கியர் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தால் சூடு இன்னும் கூடும். பாரம் இழுப்பதற்கென்று ஒரு பொத்தான் பெரும்பாலான பிக்-அப் வண்டிகளில் உண்டு. அதை அழுத்தினால் கியர் அவசரப்பட்டு மேலே போகாது. மருமகனின் வண்டியிலும் அது இருந்தது. அவர் அதைத் தொட்டதேயில்லை.

ஒயில் சாதாரணமாக 80 முதல் 95 பாகை வரை இருப்பது நல்லது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து, பதினொரு பாகைக்கும் ஒயிலின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. அந்த ஒயிலை ஆற்றும் குழாய்கள் பெரும்பாலும் றேடியேற்றருக்குள்ளேயே இருக்கின்றன. எனவே கியர்ப்பெட்டியின் சூடு எஞ்சின் நீருக்கும் தாவுகிறது. பாரம் இழுப்பவர்கள் றேடியேற்றரின் முன்னால் தனியான ஒயில் கூலர் ஒன்றைப் பூட்டவேண்டும். எங்கள் வண்டியை முன்னர் வைத்திருந்தவர் பின்னால் கொக்கியை மட்டும் பூட்டியிருந்தார். முன்னால் கூலரைப் பூட்டவில்லை. கொக்கி இருப்பதால் இழுக்கலாம் என்று மருமகன் நம்பிவிட்டார்.

றேடியேற்றர் செட்டைகளின் இடையே பூச்சிகளும் பஞ்சும் தூசியும் அடைத்திருந்தன. காற்று புகவில்லை. ஆண்டுக்கொருமுறையாவது மெல்லிய நீர்ப்பாய்ச்சலால் கழுவவேண்டும். குளிரூட்டியின் சட்டம் றேடியேற்றரின் முன்னால் நிற்பதால், அதன் சூட்டைச் சுமந்த காற்றே றேடியேற்றருக்குக் கிடைக்கிறது. ஏற்றத்தில் அதை அணைப்பது அதனாலேயே. ட்ரெயிலரின் தாங்கியில் சுமார் 150 லீற்றர் நீர் நிரப்பியிருந்தோம். 150 கிலோ. ஏரிக்கரையில் குழாய் இருக்கிறது. நீரை மலைக்கு மேல் சுமந்து சென்றவர்கள் நாங்கள்.

வேகம் இன்னொரு விடயம். ட்ரெயிலரின் முகப்பு ஒரு சுவர் போன்றது. வேகத்தை 120இலிருந்து 80க்குக் குறைத்தால் காற்றின் எதிர்ப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். நடுவில் நிற்கும் ஊசியைப் பொறுத்தவரையில், இன்றைய வண்டிகள் பலவற்றில் சாரதி பதற்றப்படாதிருப்பதற்காகக் கணிசமான வெப்ப வேறுபாட்டுக்கும் அது நகராதபடி அமைத்திருக்கிறார்கள். அது நகரும்போது காலம் கடந்திருக்கும். இலக்கத்தைப் பார்க்கவேண்டும். அதற்கும் முன்னர் காதால் கேட்கவேண்டும்.

மூடியைப் பற்றி ஒன்று. நுவரெலியாவின் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடியின் அழுத்தமும் கூலன்ட் கலவையும் சேர்ந்துதான் இன்றைய வண்டிகளில் அந்த எல்லையை 120 பாகைக்கும் மேலே தள்ளி வைத்திருக்கின்றன. சூட்டில் மூடியைத் திறப்பவர் அந்த எல்லையை ஒரே கணத்தில் கீழே இறக்குகிறார். அவசரம் எவ்வளவாயினும், வெறுங்கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய அளவுக்கு ஆறும்வரை திறக்கவேண்டாம்.

இவை அனைத்தையும் மருமகன் இப்போது என்னைவிட நன்றாக அறிவார். அந்த ஆண்டே கூலர் பூட்டினார்; ஒயிலை மாற்றினார். அதன் பின்னர் பயணம் வாய்க்கவில்லை. முதலில் கொரோனா வந்தது. 2021 நவம்பர் பெருமழையில் அந்த நெடுஞ்சாலையே பல இடங்களில் அறுந்துபோய், 2022 ஜனவரியில்தான் எல்லா வாகனங்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. இருந்தும் அவர் என்னிடம் கேட்டது மெக்கானிக் சொன்னவற்றை அல்ல. லொறிக்காரர் சொன்னவற்றைக் கேட்டார்.

அந்தச் சாரதியின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. ஒரு நிருபர் முதலில் கேட்கவேண்டியது பெயரை. மூன்று மணி நேரம் பக்கத்தில் அமர்ந்திருந்தும் நான் அதைக் கேட்கவில்லை. 1974இல் நான் அனுப்பிய செய்தி தேவையானது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அது ஒரு மணி நேரம் தாமதித்து மறுநாள் போயிருந்தாலும் அதன் உண்மை குறைந்திருக்காது. அவரது கை வேகாமல் இருந்திருக்கும்.

இதை எழுதி முடிக்கும் வேளையில் மருமகனிடமிருந்து குறுஞ்செய்தி ஒன்று வந்திருக்கிறது. கணவாயின் உச்சியிலிருந்து அனுப்பியிருக்கிறார்.

"மாமா, ஒயில் 94. இரண்டு தரம் நிப்பாட்டினம். முகாமுக்குப் பிந்தித்தான் போவம்."

பிந்திப் போகட்டும்.